சுங்கச்சாவடியில் கற்ற ஜாவா

இது கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் பொறுமையாக முழுவதும் படியுங்கள்.

1995 என்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரே செய்திதான் நினைவுக்கு வரும். திருச்சி மாவட்டத்தைப் பிரித்து, கரூரையும் பெரம்பலூரையும் தனித்தனி மாவட்டங்கள் ஆக்கிய ஆண்டு அது. கலெக்டர் ஆபீஸ் வேலைக்கு இனி திருச்சிக்குப் பஸ் ஏற வேண்டாம் என்று, தொடக்கப் பள்ளி ஆசிரியர்களான நாங்கள் டீக்கடையில் உட்கார்ந்து பேசி மகிழ்ந்தோம். அதே 1995-இல், மே 23 அன்று, அமெரிக்காவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கம்பெனி ஜாவா என்ற கணினி மொழியை உலகுக்கு அறிவித்தது. எங்கள் மாவட்டமும் ஜாவாவும் ஒரே வயது! இது எனக்குப் போன வருடம்தான் தெரிந்தது. தெரிந்துகொண்ட கதையைத்தான் எழுதுகிறேன்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி. அப்பா அரியலூரிலிருந்து சென்னைக்கு சிமெண்ட் லோடு ஏற்றிப் போகும் லாரி டிரைவர். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் இவள்தான். ஒரு நாள் சாயந்திரம் நோட்டுப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்து நின்றாள். முகம் வாடியிருந்தது.

"சார், ஜாவா பேப்பர் அரியர் விழுந்துடுச்சு. எத்தனை தடவை மனப்பாடம் பண்ணாலும் நிக்க மாட்டேங்குது. எனக்கு இதெல்லாம் வராது சார். நின்னுடலாம்னு பாக்குறேன்."

முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் நான். "எனக்கு வராது" என்று பிள்ளை சொன்னால், சொல்லிக்கொடுத்த விதத்தில் எங்கோ கோளாறு இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும். ஆனால் எனக்கு ஜாவாவில் ஒரு வரி தெரியாது. நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம். "நோட்டைக் குடுத்துட்டுப் போம்மா, ஒரு வாரம் டைம் குடு" என்றேன்.

நோட்டைப் புரட்டினேன். கிளாஸ், ஆப்ஜெக்ட், இன்ஹெரிட்டன்ஸ், பாலிமார்பிசம், என்கேப்சுலேஷன். ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் இரண்டு வரி விளக்கம். அடுத்து, அவளுடைய பழைய பிளஸ் ஒன் கணினி அறிவியல் புத்தகத்தைத் தமிழ் வழியில் பார்த்தேன். இனக்குழு, பொருள், மரபுரிமம், பல்லுருவாக்கம், உறைபொதியாக்கம். அதே ஐந்தும் அங்கே இருக்கின்றன! பள்ளியில் சி பிளஸ் பிளஸ் மொழிக்காகத் தமிழில் ஒரு முறை மனப்பாடம் செய்திருக்கிறாள். கல்லூரியில் ஜாவாவுக்காக ஆங்கிலத்தில் இன்னொரு முறை. இரண்டும் ஒன்றேதான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

கிளாஸ் என்றால் அச்சு, ஆப்ஜெக்ட் என்றால் அந்த அச்சில் வார்த்த பண்டம் என்று புரிந்தது. "மரபுரிமம்" என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அப்பனிடமிருந்து மகனுக்கு வருவதுதானே! திருச்சியிலிருந்து பெரம்பலூர் வந்தது. பெரம்பலூரிலிருந்து 2001-இல் அரியலூர் வந்தது. இதைவிட நல்ல உதாரணம் ஏது? அப்படியே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவளும் லேப்டாப்பில் "அரியலூர் எக்ஸ்டெண்ட்ஸ் பெரம்பலூர்" என்ற பொருளில் ஒரு வரி அடித்தாள். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தவள் கேட்டாள்:

"சார், 2002-ல அரியலூரைத் திரும்பப் பெரம்பலூரோட சேத்துட்டாங்களே, அப்ப இதை என்ன பண்றது? அப்புறம் எங்க மேடம் ஒண்ணு சொன்னாங்க. எக்ஸ்டெண்ட்ஸ் போட்டா 'இது ஒரு அது'ன்னு சொல்லிப் பாக்கணுமாம். அரியலூர் ஒரு பெரம்பலூரா சார்?"

எனக்குப் பதில் இல்லை. 2007 நவம்பர் 23-இல் அரியலூரை மறுபடியும் தனி மாவட்டம் ஆக்கினார்கள் என்பது வரை தெரிந்த எனக்கு, இந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை. அதன் பிறகுதான் இந்த யோசனை எங்கே, யாருக்கு, எதற்காகத் தோன்றியது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். எந்தப் பாடமானாலும் அதன் பிறப்பைத் தெரிந்துகொண்டால் பாதி புரிந்துவிடும் என்பது என் அனுபவம்.

பிறந்த இடம் அமெரிக்கா இல்லை, நார்வே. ஆஸ்லோ நகரில் நார்வே கணினி மையத்தில் கிறிஸ்டன் நைகார்ட், ஓலே யோஹான் டால் என்று இரண்டு பேர். நைகார்டின் வேலை வரிசைகளை ஆராய்வது. எத்தனை கவுண்டர் திறந்தால் கூட்டம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது போன்ற கணக்குகள். இதைக் கணினியில் நடத்திப் பார்க்க 1960-களின் தொடக்கத்தில் சிமுலா என்ற மொழியை உருவாக்கினார்கள்.

அதில் ஒரு சிக்கல் வந்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணத்தைப் படித்ததும் நான் துள்ளிவிட்டேன். ஒரு பாலம். பாலத்தில் ஒரு சுங்கச்சாவடி. அதன் முன்னால் லாரிகளும் பஸ்களும் ஒரே வரிசையில் நிற்கின்றன. வரிசையில் நிற்பது இரண்டுக்கும் பொது. ஆனால் லாரிக்குச் சரக்கு உண்டு, பஸ்ஸுக்குப் பயணிகள் உண்டு. பொதுவானதை ஒரே முறை எழுதிவிட்டு, வேறுபடுவதை மட்டும் தனித்தனியாக எழுத என்ன வழி?

அவர்கள் கண்ட வழி, முன்னொட்டு. "வாகனம்" என்ற கிளாஸில் பொதுவானதை எழுதிவிடுவது. லாரியை எழுதும்போது "வாகனம்" என்ற பெயரை அதன் முன்னால் ஒட்டிவிடுவது. வாகனத்துக்கு உள்ளதெல்லாம் லாரிக்கும் வந்துவிடும். இந்த வசதியோடு வந்ததுதான் சிமுலா 67. முன்னொட்டு என்ற பெயரே நிலைத்திருந்தால் நான் அப்பன், மகன் என்று போய்த் தடுக்கி விழுந்திருக்க மாட்டேன். இன்ஹெரிட்டன்ஸ் என்ற பெயரும் மரபுரிமம் என்ற தமிழும் பிறப்பை நினைவூட்டுகின்றன. விஷயமோ வகை பற்றியது. எதிலிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது. எந்த வகையைச் சேர்ந்தது என்று கேட்க வேண்டும்.

மறுநாள் அவளைக் கூப்பிட்டு, "நேத்து நான் சொன்னது தப்பும்மா" என்று முதலில் ஒப்புக்கொண்டேன். ஆசிரியர் இதற்கு வெட்கப்படக் கூடாது. பிறகு கேட்டேன்: "அப்பா சென்னைக்குப் போகும்போது டோல்கேட் எங்க வரும்?"

"திருமாந்துறை சார். அப்பா வண்டி பன்னெண்டு வீல். நாலு ஆக்ஸில். கார் மாதிரி பல மடங்கு கட்டணும்னு பொலம்புவாரு."

அன்று எங்கள் பாடம் திருமாந்துறை டோல்கேட்டிலேயே நடந்தது. வாகனம் ஒரு கிளாஸ். கார், பஸ், லாரி மூன்றும் வாகனத்தை எக்ஸ்டெண்ட் செய்கின்றன. சோதித்துப் பார்: லாரி ஒரு வாகனமா? ஆமாம். அப்பா ஓட்டும் அந்த லாரி, அதன் நம்பர் பிளேட்டோடு, ஓர் ஆப்ஜெக்ட்.

டோல்கேட் எல்லா வண்டியையும் பார்த்து ஒரே கேள்விதான் கேட்கிறது: உன் கட்டணம் என்ன? கார் தன் கணக்கைச் சொல்லும். நான்கு அச்சு லாரி தன் கணக்கைச் சொல்லும். ஆம்புலன்ஸ் பூஜ்யம் என்று சொல்லும். கேள்வி ஒன்று, பதில் பல. பாலிமார்பிசம் என்றும் பல்லுருவாக்கம் என்றும் அவள் இரண்டு முறை மனப்பாடம் செய்தது இதைத்தான். நாளைக்குப் புதிதாக ஒரு வண்டி வகை வந்தாலும் டோல்கேட்டைத் திருத்தி எழுத வேண்டாம். புது வண்டி தன் கட்டணத்தைச் சொல்லத் தெரிந்திருந்தால் போதும்.

"அப்ப என்கேப்சுலேஷன் ஃபாஸ்டேக் தானே சார்?" என்று அவளே கேட்டாள். அப்பாவின் கணக்கில் எவ்வளவு இருப்பு இருக்கிறது என்று டோல்கேட் உள்ளே கைவிட்டுப் பார்ப்பதில்லை. இவ்வளவு எடு என்று கேட்கிறது. இருந்தால் கிடைக்கும், இல்லாவிட்டால் மறுப்பு வரும். இருப்பு பிரைவேட்.

மாவட்டங்களையும் சரியான இடத்தில் வைத்தோம். "மாவட்டம்" என்பதுதான் கிளாஸ். பெரம்பலூர், அரியலூர், திருச்சி மூன்றும் அதன் ஆப்ஜெக்ட்கள். அண்ணன் தம்பியும் இல்லை, அப்பன் மகனும் இல்லை. பிரித்தால் புதிதாக ஓர் ஆப்ஜெக்ட். சேர்த்தால் ஒன்று குறையும். கிளாஸ் அப்படியே இருக்கும்.

மீதி வரலாற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிமுலாவைப் பார்த்து ஊக்கம் பெற்றவர் அமெரிக்காவின் ஆலன் கே. உயிரியலும் கணிதமும் படித்தவர். "ஆப்ஜெக்ட் ஓரியண்டட்" என்ற பெயரைச் சூட்டியவர் அவர்தான். 1970-களில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் அடேல் கோல்ட்பெர்க், டான் இங்கால்ஸ் முதலியவர்களோடு சேர்ந்து ஸ்மால்டாக் மொழியை உருவாக்கினார். யாரை மனத்தில் வைத்துத் தெரியுமா? பள்ளிக் குழந்தைகளை! பிள்ளைகளை உட்காரவைத்தே அதைச் சோதித்தும் பார்த்தார்கள். குழந்தைகளுக்குப் புரிய வேண்டும் என்று வளர்ந்த ஒரு யோசனை, நம் பிள்ளைகளுக்கு அரியர் வைக்கும் பாடமாக வந்து நிற்கிறது.

டென்மார்க்கில் பிறந்த பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப், இங்கிலாந்தில் ஆய்வு செய்தபோது சிமுலாவைப் பயன்படுத்தியவர். அந்த வசதியைச் சி மொழிக்குள் கொண்டுவர 1979-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலையைத் தொடங்கினார். அதுதான் சி பிளஸ் பிளஸ். 1991-இல் சன் கம்பெனியில் ஜேம்ஸ் காஸ்லிங் குழு, டிவி போன்ற வீட்டுச் சாதனங்களுக்காக ஒரு மொழியைத் தொடங்கியது. காஸ்லிங்கின் அறைக்கு வெளியே நின்ற மரத்தின் பெயரால் ஓக் என்று வைத்தார்கள். அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொருவருக்குச் சொந்தம் என்பதால் ஜாவா என்று மாற்றினார்கள். ஒரு முறை எழுதினால் எந்தக் கணினியிலும் ஓடும் என்பதும், இலவசமாகக் கிடைத்ததும் அது பரவக் காரணங்கள்.

நம் ஊருக்கு எப்படி வந்தது? 2005 வாக்கில் நம் பிளஸ் டூ கணினி அறிவியலில் முதல் தொகுதி ஸ்டார் ஆபீஸ், இரண்டாம் தொகுதி சி பிளஸ் பிளஸ். ஸ்டார் ஆபீஸும் அப்போது அதே சன் கம்பெனியுடையதுதான். 2018-இல் புதிய பாடத்திட்டம் வந்து சி பிளஸ் பிளஸ் பிளஸ் ஒன்னுக்குப் போனது. அடுத்த ஆண்டு பிளஸ் டூவுக்குப் பைத்தான் வந்தது. 2011 முதல் அரசு கொடுத்த இலவச மடிக்கணினி பல வீடுகளுக்கு முதல் கணினியாக வந்தது. புத்தகம் இருந்தது, கணினி இருந்தது, தமிழில் சொற்களும் இருந்தன. பள்ளித் தமிழுக்கும் கல்லூரி ஆங்கிலத்துக்கும் நடுவில் ஒரு கைப்பிடி மட்டும்தான் இல்லை.

ஆகவே கல்லூரியில் பாடம் நடத்தும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். முதல் வகுப்பில் பத்து நிமிடம் ஒதுக்கி, "நீங்கள் பள்ளியில் இனக்குழு என்று படித்ததுதான் இங்கே கிளாஸ்" என்று மட்டும் சொல்லிவிடுங்கள். பிறகு, பிள்ளைக்குத் தெரிந்த ஒரு டோல்கேட்டையோ, மார்க்கெட்டையோ, பஸ் ஸ்டாண்டையோ காட்டுங்கள். நார்வேக்காரர்களும் அங்கிருந்துதான் தொடங்கினார்கள்.

அவள் அடுத்த செமஸ்டரில் அந்தப் பேப்பரை எழுதித் தேறிவிட்டாள். படிப்பை நிறுத்தும் பேச்சு இப்போது இல்லை. போன மாதம் அப்பாவோடு லாரியில் போகும்போது திருமாந்துறையிலிருந்து எனக்கு போன் செய்தாள். "சார், முன்னாடி கார், அதுக்கு முன்னாடி பஸ். எல்லாம் ஒரே லைன்ல நிக்குது" என்று சிரித்தாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை "எனக்கு வராது" என்று சொன்ன பாடம் ஏதாவது உண்டா? எப்படி வந்தது என்பதைக் கீழே எழுதுங்கள். மற்ற பிள்ளைகளுக்கும் உதவும்.