சீட்டுப் பணமும் நகர நிலமும்

பசுமலையிலிருந்து மாடக்குளம் கண்மாய்ப் பக்கம் நடந்து செல்வோர்க்கு, நெல் விளைந்த வயல்கள் வீட்டு மனைகளாகிவிட்ட காட்சி புதிதன்று. கல் ஊன்றி வண்ணக் கொடி கட்டி மனை விற்போர் தமிழகத்தில் கையாண்ட முறைகளுள் ஒன்று தவணைக் குலுக்கல். மாதந்தோறும் ஒரு தொகை கட்ட வேண்டும். மாதந்தோறும் பெயர்களைக் குலுக்கி எடுப்பர். பெயர் விழுந்தவர் மீதித் தவணை கட்டாமலே மனைக்கு உரியவராவார். பரிசுச் சீட்டுத் திட்டங்களை நடுவண் அரசு 1978ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தடை செய்தது. ஆயினும் நிலத்தையும் அதிர்ஷ்டத்தையும் ஒரே முடிச்சில் கட்டும் வழக்கம் அச்சட்டத்தைவிட மிகப் பழமையானது. அவ்வரலாற்றில் திருச்சபைக்கும் பங்குண்டு என்பதாலேயே நாம் இதனை எழுத முற்பட்டோம்.

நம் வேதாகமத் தமிழில் 'சீட்டு' என்பது மதிப்புள்ள சொல். சீலோவில் யோசுவா சீட்டுப்போட்டே ஏழு கோத்திரங்களுக்கும் நிலத்தைப் பங்கிட்டதாக யோசுவா 18ஆம் அதிகாரம் கூறுகிறது. இதனைக் காட்டிக் குலுக்கலுக்கு நியாயம் பேசுவோர் உளர். ஆனால் அங்கே எவரும் பணம் கட்டிச் சீட்டு வாங்கவில்லை. சீட்டு விழாமல் வெறுங்கையோடு திரும்பிய கோத்திரமும் இல்லை. பலர் இழந்து ஒருவர் பெறும் ஏற்பாடு வேறு. யாவரும் பெறுவதில் எவர்க்கு எப்பங்கு என்று தீர்மானிக்கும் ஏற்பாடு வேறு.

முன்னைய ஏற்பாடு இந்திய நகரமொன்றை எவ்வாறு உருவாக்கிற்று என்பதற்குக் கல்கத்தாவே தக்க சான்று. அங்குள்ள புனித யோவான் ஆலயம் 1787இல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்கெனப் பொது லாட்டரியின் மூலம் ரூ. 30,000 திரட்டப்பட்டது. ஆலயமே வழிகாட்டிய பின் அரசு தயங்குமா? 1813இல் எழுந்த நகர மண்டபமும் சீட்டுப் பணத்தில் கட்டப்பட்டதே. 1817இல் லாட்டரிக் குழு என்ற பெயரிலேயே ஓர் அமைப்பு ஏற்பட்டு, சீட்டு விற்ற தொகையில் பரிசும் செலவும் போக எஞ்சியதைக் கொண்டு சாலைகளை அமைத்தது. குளங்களோடு கூடிய சதுக்கங்களை வகுத்தது. நகர் முழுவதற்கும் புதிய வரைபடம் எழுதுவித்தது. ஆற்றங்கரை 'ஆக்கிரமிப்பு' அகற்றப்பட்டது. அகற்றப்பட்டவை பெரும்பாலும் உழைப்பாளிகளின் குடிசைகள். அவற்றில் வாழ்ந்தோர் நகரின் புறஎல்லைக்குத் தள்ளப்பட்டனர். அகன்ற சாலை வந்த இடத்தில் மனையின் விலை ஏறும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. வரி விதித்திருந்தால் நிலமுடையோர் கொடுத்திருக்க வேண்டிய பணத்தை, பரிசை நம்பியோர் விரும்பிக் கொடுத்தனர். 1836இல் இக்குழுவின் சீட்டுகள் நின்றன. இங்கிலாந்தில் அரசு லாட்டரி அதற்குப் பத்தாண்டு முன்னரே, 1826இல், முடிவுற்றிருந்தது.

(சீனப் பெருஞ்சுவரே எண்சீட்டுப் பணத்தில் கட்டப்பட்டது என்று ஒரு கதை உண்டு. அவ்வெண்சீட்டு, அமெரிக்காவில் இருப்புப்பாதை போடச் சென்ற சீனத் தொழிலாளரோடு கடல் கடந்து, பின்னர் கீனோ என்னும் எண்பது எண் சூதாட்டமாயிற்று. சுவரைப் பற்றிய கதைக்குச் சான்றில்லை. சூதாட்ட விடுதிகளுக்கு அக்கதை பயன்பட்டிருக்கும்.)

கல்கத்தாவில் சீட்டு நின்ற காலத்தையொட்டியே மதுரையிலும் நகரம் விரிந்தது, வழி வேறாயிருந்தது. ஆட்சியர் பிளாக்பர்ன் பழைய கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்க்க முனைந்தபோது, அவ்வேலையைச் செய்வோர்க்கே அவ்விடத்தை மனையாக அளித்தார். வெளி வீதிகளும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அக்காலத்து நினைவுகள். அவர் திட்டத்தில் உழைப்புக்கு நிலம் கிடைத்தது, அதிர்ஷ்டத்திற்கு இடமில்லை. வேலைக்கு ஆள் வைக்க வசதியுள்ளவர்க்கே அது எளிது என்பதையும் நாம் மறுக்கவில்லை.

1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரை வந்த அமெரிக்க மிஷனெரிமார் இவ்விஷயத்தில் தெளிந்த மனத்தோடு வந்திருக்க வேண்டும். அவர்களை அனுப்பிய சங்கத்தின் தலைமையகம் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்தது. அம்மாநிலத்திலேயே ஹார்வர்டு கல்லூரியின் ஹோல்வொர்தி மண்டபம் 1812இல் லாட்டரிப் பணத்தில் கட்டப்பட்டது. 1833இல் அதே மாநிலம் லாட்டரியை விலக்கிற்று. 1845இல் பசுமலைக்கு இடம் மாறிய நமது பழைய செமினெரியின் கட்டடங்கள் நன்கொடையால் எழுந்தவை.

சுதந்திர இந்தியாவில் சீட்டு மீண்டும் வந்தது. 1967இல் கேரள அரசும், 1968இல் அண்ணா முதலமைச்சராயிருந்தபோது தமிழக அரசும் பரிசுச்சீட்டைத் தொடங்கின. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற வாசகத்தில் கல்கத்தாக் குழுவின் வாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இடையில் நிறுத்தப்பட்டும் பின் தொடரப்பட்டும் வந்த இவ்வியாபாரம், இறுதியில் ஒற்றை எண் சீட்டுகளாகச் சுருங்கி, அன்றன்று கூலியை அன்றன்றே விழுங்கலாயிற்று. 2003 ஜனவரியில் தமிழகம் எல்லா லாட்டரிகளையும் தடை செய்தது. மூன்று சக்கர வண்டியில் அமர்ந்து சீட்டு விற்றுப் பிழைத்த ஊனமுற்றோர் பலர் அன்று வேலையிழந்தனர்; தடையை வரவேற்று மகிழ்ந்த நம்மில் அவர்களை எண்ணியவர் சிலரே.

நாமும் குற்றமற்றோர் அல்லோம். ஒரு குருசேகரத்தில் பணியாற்றியபோது, ஆலயத்தை விரிவாக்கப் பக்கத்து மனையை வாங்கும்பொருட்டு, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலில் குலுக்கல் சீட்டு விற்றோம். முதற்பரிசு தங்கக் காசு. வசதியுள்ளோர் சிரித்துக்கொண்டே ஒன்றிரண்டு வாங்கினர். கட்டட வேலையில் சித்தாளாயிருந்த தாயார் ஒருவர் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்துச் சீட்டுக்குப் பணம் கொடுத்தார். "ஐயா, இது காணிக்கையிலே சேருமா, இல்லை வேறயா?" என்று கேட்டார். கட்டட நிதியில் சேரும் என்று சொல்லிச் சீட்டுகளைக் கிழித்துக் கொடுத்தோம். மனை வாங்கியாயிற்று, இன்று ஆலயத்தின் வாகன நிறுத்துமிடம் அதுவே. அவர் கொடுத்த தொகை காணிக்கைப் பதிவேட்டில் அவர் பெயரில் ஏறவில்லை.