செடிக்கு விழுந்த ஓட்டு

2014 நவம்பர் 4, அமெரிக்காவுல ஃப்ளோரிடா மாநிலத் தேர்தல். அன்னிக்கு ஆளுநரா ஜெயிச்ச ரிக் ஸ்காட் வாங்கின ஓட்டு சுமார் 28.65 லட்சம். அதே நாள், அதே ஓட்டுச்சீட்டுல, மருத்துவக் கஞ்சாவுக்கு 'சரி'ன்னு விழுந்த ஓட்டு சுமார் 33.7 லட்சம். அஞ்சு லட்சம் ஓட்டு கூட வாங்கியும் செடி தோத்துப் போச்சு. ஸ்காட் பதவியேத்துக்கிட்டார்.

மஞ்சளும் மரவள்ளியும் பத்தி எழுதுற ஆளு இன்னிக்கு எதுக்கு இதுக்குள்ள போறான்னு நினைப்பீங்க. என் தங்கச்சி மகன் அந்த மாநிலத்துல தாம்பாவுல இருக்கான். போன்ல பேசும்போது ஒருதரம் சொன்னான்: "மாமா, இங்க ஒரு செடிதான் தேர்தலை ஆட்டி வைக்குது." செடின்னு சொன்னா நமக்குக் காது தானா நீளும். அன்னையிலிருந்து கிடைச்சதையெல்லாம் படிச்சேன். கஞ்சா நல்லதா கெட்டதான்னு தீர்ப்பு சொல்ல நான் வைத்தியன் கிடையாது. ஆனா ஒரு செடி ஓட்டுச்சீட்டுல ஏறினா யார் விதைக்கிறாங்க, யார் அறுக்கிறாங்கன்னு பார்க்கத் தெரியும்.

முதல்ல அங்க இருக்குற முறையைச் சொல்லிடறேன். அங்க ஆளுநர்ன்னா நம்ம முதலமைச்சர் மாதிரி. ஜனங்களே நேரா ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்குறாங்க. அதோட, பல மாநிலங்கள்ல குறிப்பிட்ட அளவு கையெழுத்து சேர்த்துட்டா, ஒரு சட்டத்தையே ஓட்டுக்கு விட்டுடலாம். சட்டமன்றம் செய்யாததை ஜனங்களே செய்துக்கலாம். நம்ம நாட்டுல அப்படி ஒரு வழி கிடையாது.

மருத்துவக் கஞ்சா அந்த வழியாத்தான் அமெரிக்க அரசியலுக்குள்ள வந்தது. கலிஃபோர்னியாவுல சட்டமன்றம் மசோதா நிறைவேத்தினப்போ ஆளுநர் பீட் வில்சன் ரெண்டு தடவை தள்ளிவிட்டார். அப்போ சான் ஃபிரான்சிஸ்கோவுல எய்ட்ஸ் நோய் ஆளுங்களைக் கொத்துக் கொத்தாக் கொண்டுபோயிட்டிருந்த காலம். சாப்பாடு இறங்காம, வாந்தி நிக்காமக் கிடந்தவங்களுக்குக் கஞ்சா கொஞ்சம் பசியைக் கொடுத்தது. தன் துணைவரை எய்ட்ஸ்ல பறிகொடுத்த டென்னிஸ் பெரோன்ங்கிறவரும் அவர் கூட்டாளிகளும் கையெழுத்து சேர்த்து 1996-ல ஓட்டுக்கு விட்டாங்க. 55.6 சதவீதம் பேர் ஆதரிச்சாங்க. நாட்டிலேயே முதல் மாநிலம் அதுதான்.

இதுல நமக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. மேல்நாட்டு வைத்தியத்துக்குள்ள கஞ்சாவைக் கொண்டுபோனவர், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில இருந்த ஓ'ஷானெஸி என்ற ஐரிஷ் மருத்துவர். நம்ம நாட்டு வைத்தியர்கள் பயன்படுத்துறதைப் பார்த்து, தானும் சோதிச்சு 1839-ல எழுதினார். வலிப்பு வந்த ஒரு கைக்குழந்தைக்குக் கொடுத்துப் பார்த்ததையும் அதுல சொல்லியிருக்கார். இந்த வலிப்பை நினைவுல வச்சுக்குங்க.

இப்ப ஃப்ளோரிடாவுக்கு வருவோம். அங்க ஜான் மார்கன்னு ஒரு பெரிய வக்கீல். விபத்து வழக்குகள்ல சம்பாதிச்ச கோடீஸ்வரர். அவர் தம்பி இளவயசுல, நீச்சல் காவலரா வேலை பார்த்தப்போ அடிபட்டு முடங்கிப் போனவர். வலிக்கும் தசை இழுப்புக்கும் கஞ்சாதான் அவருக்குத் தாங்கல். அதைக் கண்ணால பார்த்த மார்கன் சொந்தக் காசைக் கொட்டி இயக்கத்தை நடத்தினார். செல்லுபடியாகுற கையெழுத்து 6,83,149 வேணும், சேர்த்தாங்க. மாநில அட்டர்னி ஜெனரல் பேம் பாண்டி எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரைக்கும் வாதாடினார். 4-க்கு 3-ன்னு தீர்ப்பு வந்து, 2014 ஓட்டுச்சீட்டுல இடம் கிடைச்சது.

அரசியல் இங்கதான் நுழையுது. ஸ்காட்டை எதிர்த்து நின்ன சார்லி கிறிஸ்ட், முன்னாடி குடியரசுக் கட்சி ஆளுநரா இருந்து, அப்புறம் ஜனநாயகக் கட்சிக்கு வந்தவர். இடையில வேலை பார்த்த இடம் மார்கனோட வக்கீல் ஆபீஸ். எதிர்த்தரப்பு விடுமா? "இது நோயாளிக்காக இல்லை. கஞ்சாவுக்கு ஓட்டுப் போட வர்ற இளசுகளைக் காட்டிக் கிறிஸ்ட்டைக் கரையேத்தப் பார்க்கிறாங்க"ன்னு பேசினாங்க. மார்கன் மறுத்தார். ஆனா ஒரு பாரில இளவட்டங்க நடுவுல அவர் கெட்ட வார்த்தை கலந்து பேசின வீடியோ வெளிய வந்ததும், எதிராளிங்களுக்கு அல்வா கிடைச்ச மாதிரி ஆயிடுச்சு. லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதி அதிபர் ஷெல்டன் அடெல்சன் மட்டும் எதிர்ப் பிரசாரத்துக்கு அம்பது லட்சம் டாலருக்கு மேல கொடுத்தார். கோடைகாலக் கருத்துக்கணிப்புல பத்துல எட்டுப் பேருக்கு மேல ஆதரிச்ச விஷயம், விளம்பரம் ஓட ஓடக் கரைஞ்சுக்கிட்டே வந்தது.

இதுக்கு நடுவுல ஸ்காட் சும்மா இருக்கல. கொலராடோவுல சார்லட் ஃபிகின்னு ஒரு சின்னக் குழந்தை. வாரத்துக்கு நூத்துக்கணக்குல வலிப்பு வரும். போதை ரொம்பக் குறைவான ஒரு ரகத்துல எடுத்த எண்ணெய் கொடுத்ததும் வலிப்பு பெருமளவு அடங்கினதை, 2013-ல டாக்டர் சஞ்சய் குப்தா டிவியில காட்டினார். நாடே பார்த்தது. கல்கத்தாக் கைக்குழந்தையோட கதை, நூத்தி எழுபது வருஷம் கழிச்சு வேற ஊர்ல. ஃப்ளோரிடா சட்டமன்றம் அந்த மாதிரி எண்ணெய்க்கு மட்டும் 2014-ல அனுமதி கொடுத்தது, ஸ்காட் கையெழுத்துப் போட்டார். குழந்தைக்கு இரங்கின மாதிரியும் ஆச்சு, பெரிய மாற்றத்தை மறிச்ச மாதிரியும் ஆச்சு.

எண்ணிப் பார்த்தா மருத்துவக் கஞ்சாவுக்கு 57.6 சதவீதம். வேற எந்தத் தேர்தலா இருந்தாலும் அமோக வெற்றி. ஆனா ஃப்ளோரிடாவுல அரசியல் சாசனத்தைத் திருத்த 60 சதவீதம் வேணும். அந்த 60 விதியே 2006-ல ஓட்டெடுப்புல வந்ததுதான். அதுக்கு அன்னிக்குக் கிடைச்சது எவ்வளவு தெரியுங்களா? 57.8 சதவீதம். தன்னாலேயே தாண்ட முடியாத வரப்பை அடுத்தவனுக்குப் போட்டு வச்சாங்க.

கிறிஸ்ட்டும் சுமார் 64,000 ஓட்டுல தோத்தார். செடிக்கு 'சரி'ன்னு குத்தின லட்சக்கணக்கான கை, அவருக்குக் குத்தலை. ஜனங்க செடியைத் தனியா, ஆளைத் தனியாப் பார்த்தாங்க. 2014 தேர்தலைப் பத்தி நான் முக்கியமா நினைக்கிறது இதைத்தான்.

2016-ல மார்கன் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை வாசகத்தைச் செதுக்கி, சின்னவங்களுக்குப் பெத்தவங்க எழுத்துல சம்மதம் தரணும்னு ஓட்டைகளை அடைச்சுக் கொண்டுவந்தார். ஜனாதிபதித் தேர்தல் வருஷம். 2014-ல பாதிப் பேர்தான் ஓட்டுப் போட்டாங்க, 2016-ல நாலுல மூணு பேர் வந்தாங்க. 71.3 சதவீதம்! டிரம்ப் அந்த மாநிலத்தை ஜெயிச்ச அதே நாள், டிரம்ப்பை விடச் சுமார் 19 லட்சம் ஓட்டு செடிக்குக் கூட. அவருக்குப் போட்டவங்கள்லயும் பெரும் பகுதி இதுக்கும் போட்டிருக்காங்கன்னு கணக்கே சொல்லுது.

சரி, ஜெயிச்சாச்சு. அடுத்து நடந்ததுதான் விவசாயியா என்னை உறுத்துது.

யார் பயிர் பண்ணலாம்? 2014 எண்ணெய்ச் சட்டத்துலயே ஒரு நிபந்தனை: ஃப்ளோரிடாவுல 30 வருஷமாத் தொடர்ந்து நடக்குற நாற்றுப்பண்ணையா இருக்கணும், 4 லட்சம் செடியாவது வளர்க்கணும். முதல்ல மாநிலம் முழுக்க அஞ்சே உரிமம். 2017-ல வந்த சட்டம் உரிமத்தைக் கொஞ்சம் கூட்டினாலும், வளர்க்குறதும் பதப்படுத்துறதும் விக்கிறதும் ஒரே கம்பெனியாத்தான் இருக்கணும்னு சொல்லிடுச்சு. கரும்பு நடுறவனே ஆலையும் வச்சு சர்க்கரைக் கடையும் போடணும்னா நம்மள்ல எத்தனை பேர் கரும்பு நடுவோம்?

கடன் கொடுக்குறதுல மத்திய வேளாண் துறை பாகுபாடு காட்டினதுன்னு வழக்குப் போட்ட கறுப்பின விவசாயிகளுக்கு ஒரே ஒரு உரிமம் ஒதுக்கினாங்க. அதுக்கு விண்ணப்பக் கட்டணம் 1,46,000 டாலர். கிடைச்சாலும் கிடைக்காட்டியும் திரும்ப வராது. 2017-ல எழுதின அந்த ஒரு உரிமம் யாருக்குன்னு அறிவிக்க 2022 ஆயிடுச்சு. அதெல்லாம் வயசான விவசாயிகளோட வழக்கு. அஞ்சு வருஷம்ங்கிறது அவங்களுக்குச் சின்னக் காலம் இல்லை.

வீட்டுல ஒரு செடி வச்சுக்கலாமா? கூடாது. தாம்பாவுல ஜோ ரெட்னர்ங்கிற நுரையீரல் புற்றுநோய் பார்த்தவர், பச்சைச் செடியைச் சாறெடுத்துக் குடிக்கணும், நானே வளர்த்துக்கறேன்னு கோர்ட்டுக்குப் போனார். 2018-ல கீழ்க்கோர்ட் சரின்னது, அப்பீல்ல போச்சு. மொட்டைப் புகைக்கவும் 2017 சட்டம் தடை போட்டது. ஜனங்க 71 சதவீதம் கொடுத்த உரிமையை, சட்டமன்றம் சல்லடையில போட்டுச் சலிச்சுக் கொடுத்தது.

அந்தக் கோபம் 2018-ல வெளிய வந்தது. அதுவும் எந்தப் பதவிக்கு? வேளாண் ஆணையருக்கு! அங்க அதுக்கும் ஜனங்கதான் ஓட்டுப் போடணும். நிக்கி ஃப்ரீட்ங்கிற வக்கீல், மருத்துவக் கஞ்சாவுக்காக வாதாடின பெண், அதையே முன்னால வச்சு நின்னார். கஞ்சா தொழில்காரங்க நன்கொடை வருதுன்னு ஒரு பெரிய வங்கி அவர் தேர்தல் கணக்கையே மூடினது. அவர் அதையும் பிரசாரமாக்கினார். 80 லட்சத்துக்கு மேல விழுந்த ஓட்டுல, மறு எண்ணிக்கை முடிஞ்சு, 6,753 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சார். அந்த வருஷம் மாநிலம் தழுவின பதவியில ஜெயிச்ச ஒரே ஜனநாயகக் கட்சிக்காரர் அவர்தான். கஞ்சா மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். துப்பாக்கி உரிமம் கொடுக்குறதும் அங்க வேளாண் துறைதான், அதுல நடந்த குளறுபடியும் பேச்சா இருந்தது. ஆனா இவ்வளவு ஒட்டின கணக்குல செடியும் ஒரு கை கொடுத்திருக்கும்.

அதே தேர்தல்ல ஆளுநரான குடியரசுக் கட்சி ரான் டிசாண்டிஸ் கணக்குத் தெரிஞ்சவர். 2019 ஜனவரியில, மார்கனையே பக்கத்துல நிறுத்திக்கிட்டு, புகைக்கிற தடையை எடுங்கன்னு சட்டமன்றத்துக்குக் கெடு வச்சார். மார்ச் 18-ல கையெழுத்தும் போட்டார். எதிர்க்கட்சி கையில இருந்த ஆயுதம் ரெண்டே மாசத்துல மழுங்கிப் போச்சு.

2022-ல ஃப்ரீட் ஆளுநர் பதவிக்கு ஆசைப்பட்டார். உள்கட்சித் தேர்தல்ல அவரைத் தோக்கடிச்சது யாருன்னு நினைக்கிறீங்க? சார்லி கிறிஸ்ட்! அந்தக் கிறிஸ்ட்டும் டிசாண்டிஸ்கிட்ட 19 சதவீத வித்தியாசத்துல தோத்தார். 2024-ல, நோய் இல்லாத பெரியவங்களும் வாங்கலாம்னு ஒரு திருத்தம் ஓட்டுக்கு வந்தது. டிசாண்டிஸ் முழு மூச்சா எதிர்த்தார். 55.9 சதவீதம் ஆதரவு, மறுபடியும் அதே 60 வரப்புல இடறி விழுந்தது.

பத்து வருஷத்தை மொத்தமாப் பார்த்தா, செடியை நம்பி ஆளுநராகப் பார்த்தவங்க யாரும் ஆகலை. செடியை எதிர்த்ததால ஸ்காட் பதவி இழக்கலை. ஆனா 8 லட்சத்துக்கு மேல நோயாளிகள் இன்னிக்கு அட்டை வச்சு மருந்து வாங்குறாங்க. மார்கனோட தம்பி மாதிரி ஆளுங்க ஒளிஞ்சு வாங்க வேண்டிய நிலைமை அங்க இல்லை. இதை எந்தக் கட்சியும் கொடுக்கலை, கையெழுத்துப் போட்ட ஜனங்க வாங்கினது. அவங்க கையை விட்டுப் போனது அடுத்த நாள் வேலை: உரிமம் யாருக்கு, கட்டணம் எவ்வளவு, நாத்து யார் நடலாம். அந்த விதிகளை எழுதின அறைக்குள்ள ஓட்டுப் பெட்டி கிடையாது. மாமன் மச்சானா ஒண்ணா நின்னு கிணறு வெட்டிட்டு, தண்ணிப் பாயிற முறையை மட்டும் பேசாம விட்டா என்ன ஆகும்னு கிராமத்துல இருக்குற எவருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை.