குப்பை வண்டியும் ஊராட்சியும்: ஜோகூர் கண்ட மாற்றங்கள்

குப்பை என்னும் சொல்லின் பழம்பொருள்களுள் ஒன்று குவியல் என்பது. நெற்குவியலை நெற்குப்பை என்பது நூல்வழக்கு. வயலுக்கு இடும் எருக்குவியலும் குப்பையே. உழவைப் பாடிய வள்ளுவர் எருவிடுதலை உழுதலுக்கும் மேலாக வைத்தார். ஆகவே, குப்பை என்பது எறிந்துவிட்டு மறக்கும் பொருள் என்ற எண்ணம் பெரிதும் நகர வாழ்வு தந்ததாகும். வீட்டுக் குப்பை ஆட்சியின் பொறுப்பாகிய வரலாற்றை ஜோகூரில் தெளிவாகக் காணலாம்.

தெமங்கோங் டாயெங் இப்ராகிம் 1855இல் நிறுவிய தஞ்சோங் புத்ரி, 1866இல் ஜோகூர் பாரு எனப் பெயர் பெற்றது. மிளகும் காம்பீரும் பின்னர் ரப்பரும் அதனை வளர்த்தன. மலாயாவில் நகரங்கள் பெருகவே நோயச்சமும் பெருகியது. கோலாலம்பூரில் 1890இல் சுகாதார வாரியம் அமைந்தது. பிற ஊர்களும் அவ்வழி சென்றன. தெருக்கூட்டவும் கழிவகற்றவும் தென்னிந்தியத் தொழிலாளர் பலர் அமர்த்தப்பெற்றனர். ஊர் விழிக்குமுன் உழைத்த அவர்களுக்கு நகர வரலாறுகளில் ஒரு வரியும் அரிது.

1950ஆம் ஆண்டுகளில் மலாயாவின் நகரசபைகளுக்குத் தேர்தல் வந்தது. குப்பை எடுக்கப்படாத தெருவினர் தம் உறுப்பினரைத் தட்டிக் கேட்க வழி பிறந்தது. இந்தோனீசியாவுடன் மூண்ட மோதலின்போது, 1965இல், அத்தேர்தல்கள் நிறுத்தப்பெற்றன. அவ்வாண்டே ஊராட்சிகளின் நிலையை ஆராய அரச ஆணையம் ஒன்று அமைந்தது. அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். 1968இல் நிறைவுற்ற அறிக்கை, தேர்ந்தெடுக்கப்பெற்ற மன்றங்களே வேண்டுமென்று கூறிற்று. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் அதனை ஏற்கவில்லை. நியமன முறையே நிலைத்தது. எனினும் குப்பை அகற்றும் அதிகாரம் மன்றங்களிடமே இருந்தது.

அதுவும் நெடுநாள் நிற்கவில்லை. மன்றங்களின் வருவாயில் பெரும்பகுதியைக் குப்பைப்பணி விழுங்கிற்று; திறந்த வெளிகளில் கொட்டும் வழக்கமும் ஓயவில்லை. 1988இல் நாடு முழுமைக்கும் ஒரு தூய்மைத் திட்டம் வகுக்கப்பெற்றது. 2007இல் திடக்கழிவுச் சட்டம் நிறைவேறி, 2011 செப்டம்பர் முதல் நாளில் ஜோகூர் உள்ளிட்ட மாநிலங்களில் நடைமுறைக்கு வந்தது. பொறுப்பு மத்திய அரசாங்கத்தைச் சேர்ந்தது. வண்டி ஒப்பந்த நிறுவனத்தைச் சேர்ந்தது. ஒப்பந்தக் காலம் 22 ஆண்டு! சிலாங்கூரும் பினாங்கும் அன்று இவ்வேற்பாட்டில் சேரவில்லை.

இதனால் விளைந்த நன்மையை மறைத்தல் முறையன்று. வண்டி வரும் நாள் வரையறை பெற்றது. கிழமைக்கு இருமுறை பொதுக்குப்பையும் ஒருமுறை மறுபயன் பொருள்களும் எடுக்கும் முறை வந்தது. 2015 செப்டம்பரில் வீட்டிலேயே தரம் பிரித்தல் கட்டாயமாயிற்று. 2016 ஜூன் முதல் தண்டமும் நடைமுறைக்கு வந்தது. எருவைப் போற்றிய மரபினர்க்கு இது புதுமையன்று; மறந்ததை நினைவூட்டல் என்க.

ஆயினும் 2019 மார்ச்சில் பாசிர் கூடாங் வேறொரு பாடம் புகட்டிற்று. கிம் கிம் ஆற்றில் கள்ளத்தனமாகக் கொட்டப்பெற்ற இரசாயனக் கழிவின் நச்சுப்புகை முதலில் அருகிலிருந்த பள்ளிப் பிள்ளைகளைத் தாக்கியது. ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர், 111 பள்ளிகள் மூடப்பெற்றன. இத்தகைய கழிவு 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டத்துக்கு உட்பட்டது. குப்பை வண்டிக்கு உரியதன்று. ஆனால் மூச்சுத் திணறிய பிள்ளைக்கு எந்தச் சட்டம், எந்த இலாகா என்ற வேறுபாடு உண்டோ?

நெடுங்காலத் திட்டம் நிலைக்க மூன்று வேண்டும். வீடு பிரிக்க வேண்டும். வண்டி பிரித்ததைக் கலவாது கொண்டுசெல்ல வேண்டும். ஊர் மன்றம் ஊரார்க்கு விடை சொல்ல வேண்டும். முதலிரண்டுக்கும் சட்டமும் ஒப்பந்தமும் வந்துவிட்டன. மூன்றாவதற்கு ஆதி நாகப்பன் ஆணையம் அன்றே வழி கூறியிருந்தது. அவ்வறிக்கையைத் தூசி தட்டிப் படிப்பதும் ஒரு துப்புரவுப் பணியே ஆகும்.