பழவேற்காடு ஏரிக்கரையில் வீட்டுத் தோட்டம்: உப்பு மண்ணில் முதல் காய் பறிப்பது எப்படி?

திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காடு, சில்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் 2-வது பெரிய உவர்நீர் ஏரி. இந்தக் கரையோர மீனவ கிராமங்களில் மீனுக்குப் பஞ்சமில்லை. கீரையும் காயும்தான் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. மாசி, பங்குனியில் முதல்முறையா வீட்டுத் தோட்டம் போடுபவர்கள் எதைக் கவனிக்கணும்? இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

செடி ஏன் கருகுது?

மழைக்காலத்தில் ஆரணி ஆறு உள்ளிட்ட ஆறுகளின் நன்னீர் ஏரிக்கு வரும். கோடை நெருங்கும்போது வரத்து நின்று, தண்ணீர் ஆவியாகி, உப்பு ஏறும். கரையோர மணலிலும் கிணற்றிலும் இதே சிக்கல் உண்டு.

மண்ணில் உப்பு கூடினால், ஈரம் இருந்தாலும் வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. இலை ஓரம் பழுப்பாகி, செடி வாடும். தண்ணீர் போதலைன்னு நினைச்சு அதே உப்புத் தண்ணியை மேலும் ஊற்றினால், செடி சீக்கிரமே செத்துடும்.

மண்ணுக்கு என்ன செய்யலாம்?

தரையில் நடாமல் பையிலோ பெட்டியிலோ நடுவது நல்லது. உடைந்த தெர்மாகோல் மீன் பெட்டியே போதும். நன்றாகக் கழுவி, அடியில் நாலைந்து ஓட்டை போடணும். ஏரி மணல், சேறு வேண்டாம். செம்மண், மக்கிய தொழு உரம், தென்னை நார்க்கழிவு கலந்து நிரப்பலாம். நார்க்கழிவிலும் உப்பு இருக்கும் என்பதால், நல்ல தண்ணீரில் 2, 3 முறை அலசிப் பிழிந்த பிறகே சேர்க்கணும்.

தண்ணீர் எங்கிருந்து?

வாயில் வைத்தால் கரிக்கும் தண்ணீர் செடிக்கு ஆகாது. அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரைச் சேர்த்து வைத்தாலே சில பெட்டிகளைச் சமாளிக்கலாம். உப்புப் போட்டுத் தேய்த்த மீனின் கழுநீர், கருவாடு ஊறிய தண்ணீர் இரண்டையும் தவிர்க்கணும்.

அடிக்கடி கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு மேலேயே தங்கும். மண் காய்ந்த பிறகு, ஓட்டை வழியே வடியும் அளவுக்கு ஊற்றினால் உப்பும் சேர்ந்து வெளியேறும். மேலே வைக்கோல் பரப்பினால் ஈரம் நிற்கும்.

எதை நடலாம்?

ஐ.நா. உணவு மற்றும் வேளாண் அமைப்பின் அட்டவணைப்படி, மண்ணின் உப்பைக் காட்டும் மின்கடத்து திறன் மீட்டருக்கு 1 டெசிசீமென்ஸைத் தாண்டினாலே பீன்ஸ் விளைச்சல் குறையத் தொடங்கும். காராமணி கிட்டத்தட்ட 5 வரை தாங்கும். அதனால்,

* முதல் காய்: காராமணி. வெயிலையும் தாங்கும்.
* சீக்கிரம் பலன்: தண்டுக்கீரை, சிறுகீரை. ஒரு மாதத்துக்குள் பறிக்கலாம். இதுக்கு நல்ல தண்ணீர் அவசியம்.
* மூலிகை: கற்பூரவல்லி, துளசி. கற்பூரவல்லியை ஒடித்து நட்டாலே வேர் பிடிக்கும். புதினாவை நிழலில் வைக்கணும்.
* நீண்ட காலத்துக்கு: முருங்கை.
* இப்போ வேண்டாம்: பீன்ஸ், கேரட், கொத்தமல்லி. கொத்தமல்லி வெயிலில் சீக்கிரம் பூத்துடும்.

உப்புக் காற்று, ஆடு, கோழி?

கடல் பக்கம் தென்னங்கீற்றால் ஒரு தட்டி கட்டினால் உப்புக் காற்றின் வேகம் குறையும். கிழிந்த மீன் வலை ஆடு, கோழியைத் தடுக்கும். கொடிக்குப் பந்தலாகவும் உதவும்.

உரத்துக்கு மீன் கழிவு

உப்புப் படாத மீன் கழிவும் அதே எடை நாட்டுச் சர்க்கரையும் கலந்து, மூடி, நிழலில் 21 நாளுக்கு மேல் வைத்தால் மீன் அமிலம் தயார். வேருக்கு ஊற்ற ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி போதும். கூடினால் செடி கருகும்.

யாரிடம் கேட்கலாம்?

தோட்டக்கலைத் துறை மாடித் தோட்டத் தளைகளை மானியத்தில் வழங்கி வந்துள்ளது. இப்போது கிடைக்குமா என்பதை வட்டார அலுவலகத்தில் விசாரிக்கலாம். மண், தண்ணீர் பரிசோதனை குறித்து திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

எத்தனை பெட்டி?

கோடையில் குடிநீரே சிக்கல் என்பதால், முதலில் 3 பெட்டி போதும். வடகிழக்குப் பருவமழை மண்ணின் உப்பைக் கழுவிய பிறகு, தை மாதத்தில் தக்காளி, கத்தரி எனப் பெருக்கலாம். காராமணியில் நாலு காயைப் பறிக்காமல் முற்றவிட்டால், அடுத்த பட்டத்துக்கு விதை வாங்க வேண்டியதில்லை.