கலையும் கறையும்

கலைக்கு நிறமில்லை, குலமில்லை என்பர். கலைஞனுக்கு? அவன் கண்ணில் படிந்த கறை, அவன் படைப்பில் படியாதிருக்குமோ? அமெரிக்கப் படவுலகின் முன்னோடி டி.டபிள்யூ. கிரிபித்தின் வாழ்வு இதற்கு விடை கூறும்.

1875-இல் கென்டக்கி மாநிலத்தில் பிறந்தவர் அவர். தந்தை, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படையிலே கர்னல். வீழ்ந்துபட்ட அந்தப் பழைமையின் புகழ் கேட்டே வளர்ந்தார் மகன். நாடக நடிகராக அலைந்து, 1908-இல் பயோகிராப் நிறுவனத்தில் படம் இயக்கத் தொடங்கினார். ஐந்தே ஆண்டுகளில் 400-க்கு மேற்பட்ட குறும்படங்கள்! முகத்தை நெருங்கிக் காட்டி உள்ளத்தை உணர்த்துவதும், ஈரிடத்து நிகழ்ச்சிகளை மாறி மாறிக் காட்டி நெஞ்சைத் துடிக்க வைப்பதும் அவர் கையிலே மெருகேறின. ஆற்றல் இருந்தது; அறம் இருந்ததா?

1915-இல் வந்தது ‘ஒரு நாட்டின் பிறப்பு’. விடுதலை பெற்ற கறுப்பின மக்களை வெறியர்களாக்கியது அப்படம். முகமூடியணிந்து அவர்களைக் கொன்று திரிந்த கு கிளக்ஸ் கிளான் கூட்டத்தையோ வீரர்களாக்கியது. முதன்மையான கறுப்பர் வேடங்களில் நடித்தவர்கள், முகத்தில் கரி பூசிய வெள்ளையர்கள்! வெள்ளை மாளிகையிலேயே அது திரையிடப்பட்டது. 1909-இல் தோன்றிய கறுப்பின மக்களின் உரிமைச் சங்கம் தடை கோரிப் போராடியது. மக்கள் கூட்டமோ அரங்குகளை நிறைத்தது. மடிந்து கிடந்த கிளான், அதே ஆண்டில் ஜார்ஜியாவில் மீண்டும் எழுந்தது. பின்னாளில் ஆள் சேர்க்க அந்தப் படத்தையே கருவியாக்கிக் கொண்டது.

கண்டனம் கண்டும் கிரிபித் கலங்கவில்லை. 1916-இல் அவர் எடுத்த அடுத்த பெரும்படத்தின் பெயர் என்ன தெரியுமா? ‘சகிப்பின்மை’! பாபிலோன் முதல் தம் காலம் வரை நான்கு கதைகள் சொன்னார். தாம் பழித்த மக்களுக்காக ஒரு கதை சொன்னாரில்லை.

சொன்னவர் வேறொருவர். அடிமைப்பட்டிருந்த குடும்பத்தில் தோன்றிய ஆஸ்கார் மிஷோ, ஹாலிவுட்டின் துணையின்றித் தாமே பொருள் திரட்டிப் படமெடுத்தார். குற்றமற்ற கறுப்பரை வெள்ளையர் கும்பல் தூக்கிலிடும் கொடுமையை 1920-இல் திரையிலே காட்டினார். 1925-இல், மதப் போதகர் வேடமிட்டு ஏழைகளை ஏய்க்கும் எத்தனைக் காட்டினார். தம்மவன் என்பதற்காக அவனை விட்டு வைத்தாரில்லை!

1919-இல் சாப்ளின் முதலியோருடன் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் கண்ட கிரிபித், 1931-க்குப் பின் படம் இயக்கவில்லை, 1948-இல் மறைந்தார். அவர் பெயரால் வழங்கி வந்த உயர் விருதிலிருந்து, அமெரிக்க இயக்குநர் சங்கம் 1999-இல் அப்பெயரை நீக்கியது.

தோழர்களே! திரையின் திறமை கண்டு வியப்போம், தவறில்லை. ஆனால், அத்திறமை யாரை உயர்த்துகிறது, யாரைத் தாழ்த்துகிறது என்று கேட்காமல் கைதட்டாதிருப்போம். கேள்வி கேட்காத கைதட்டலே, 1915-இல் கொலைஞனுக்கு வீரப்பட்டம் சூட்டியது!