உலை இல்லாத வார்ப்பு: இரு கூறு ரெசினின் வரலாறு

இரண்டு திரவங்களைக் குறித்த விகிதத்தில் கலந்து ரப்பர் அச்சுக்குள் ஊற்றினால், சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ அது கெட்டியான பிளாஸ்டிக்காகிவிடும். உலையும் வேண்டாம், அழுத்தும் இயந்திரமும் வேண்டாம். பொம்மை, பல்சக்கரம், எலும்புக்கூட்டுப் பிரதி, சினிமாவுக்கான மாதிரிக் கப்பல் என எதையும் ஒரு மேசையின் மேல் வார்த்துவிடலாம். உலோக வார்ப்போடு ஒப்பிட்டால் இந்த முறை மிக இளையது. அது உருவாக, வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு தேவைகளுக்காகப் பிறந்த பொருள்கள் ஒன்றுசேர வேண்டியிருந்தது.

முழுக்கச் செயற்கையான முதல் பிளாஸ்டிக்குக்கு வெப்பமும் அழுத்தமும் இல்லாமல் முடியாது. பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லியோ பேக்லண்ட், நியூயார்க்கை அடுத்த யாங்கர்ஸ் நகரில் 1907இல் பீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் வினைபுரிய வைத்து பேக்கலைட்டைக் கண்டார். வினையின்போது கிளம்பும் ஆவி பொருளைப் பொத்தலாக்கிக்கொண்டிருந்தது. மூடிய கலத்தில் அழுத்தத்தோடு சூடாக்கி அவர் அதை அடக்கினார். 1909இல் கிடைத்த காப்புரிமையின் சாரமே அதுதான். ஆனால் அந்த அழுத்தத்தைத் தாங்க எஃகு அச்சு தேவைப்பட்டது. எஃகு அச்சு செய்வது பெருஞ்செலவு. ஆயிரக்கணக்கில் பொருள் விற்றால்தான் அந்தச் செலவு கட்டுப்படியாகும்.

அழுத்தத்தை விட்டுவிட்டு வார்க்கும் முயற்சி அதே பீனால் குடும்பத்திலேயே தொடங்கியது. 1920களின் இறுதியில் அமெரிக்காவில் சந்தைக்கு வந்த கேட்டலின், திரவமாக ஊற்றப்பட்ட ரெசின். எஃகு மாதிரி ஒன்றை உருகிய ஈயத்தில் முக்கி எடுத்தால் அதைச் சுற்றி மெல்லிய ஈய உறை படியும். அந்த உறையே அச்சு. ரெசினை அதில் ஊற்றி, மிதமான சூட்டில் நாள்கணக்கில் வேகவைத்தார்கள். பேக்கலைட்டைப் போல் மரத்தூள் சேர்த்து இறுக்க வேண்டியிருக்கவில்லை; ஆகவே கேட்டலினில் அம்பர் மஞ்சள், பச்சை, சிவப்பு எனப் பளிங்கு போன்ற நிறங்கள் கிடைத்தன. 1930களின் பிற்பாதியில் அதில் செய்த வானொலிப் பெட்டிகளை இன்றும் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். அவற்றில் பல காலப்போக்கில் சுருங்கியும் வெடித்தும் நிறம் மாறியும் போயின. அழுத்தம் போய்விட்டாலும் அடுப்பு போகவில்லை.

அடுப்பையும் வெளியேற்றிய பொருள்கள் 1930களில் ஏறத்தாழ ஒரே சமயத்தில் தோன்றின. சுவிட்சர்லாந்தின் பியர் காஸ்தான், தே த்ரே என்ற பல்மருத்துவப் பொருள் நிறுவனத்துக்காகச் செயற்கைப் பல்வரிசைக்கு ஏற்ற பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். வாயின் அளவுக்குச் சிறிதும் பிசகாமல் இருக்க வேண்டுமானால், கெட்டியாகும்போது அது சுருங்கக்கூடாது. அந்தத் தேடலில் கிடைத்ததே எபாக்ஸி. பல்வரிசைக்கு அது பயன்படவில்லை. உரிமம் பாசல் நகரின் சீபா நிறுவனத்துக்குப் போனது. 1946இல் பாசல் தொழிற்காட்சியில் அரால்டைட் என்ற பெயரில் அது ஒட்டுப்பசையாக வெளிவந்தது. அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ தனியே இதே வழியில் வேலை செய்தார், ஆனால் அவருடைய நோக்கம் வண்ணப்பூச்சு. காஸ்தானின் முதல் கலவைக்குச் சூடு தேவைப்பட்டது. அமீன் வகை ஹார்டனர்கள் வந்தபின் எபாக்ஸி சாதாரண அறை வெப்பத்திலேயே இறுகியது. தமிழ்நாட்டு வீடுகளில் இரண்டு குழாய்களிலிருந்து சம அளவு பிதுக்கித் தீக்குச்சியால் குழைத்து உடைந்த பொருளை ஒட்டுபவர்கள் செய்வதும் இதே வேதியியல்தான். சுருங்காத இயல்பை வார்ப்புத் தொழில் உடனே பிடித்துக்கொண்டது: விமானத் தகட்டு வேலைக்கான அச்சுகளும், மின்மாற்றிச் சுருள்களைப் பொதியும் மின்காப்பு வார்ப்புகளும் எபாக்ஸிக்கு மாறின.

பாலியெஸ்டர் ரெசின் அமெரிக்க வேதியியலாளர் கார்ல்டன் எல்லிஸின் ஆய்வுகளிலிருந்து வந்தது. நிறைவுறாத பாலியெஸ்டரோடு ஸ்டைரீன் போன்ற இளகிய திரவத்தைச் சேர்த்தால் அது மிக வேகமாக இறுகுவதை அவர் கண்டார். இதில் இரண்டாம் கூறு பெராக்சைடு. நூற்றில் ஒன்றிரண்டு பங்கு போதும். கோபால்ட் உப்பு சேர்த்தால் அடுப்பே தேவையில்லை. ஆனால் கோபால்ட்டையும் பெராக்சைடையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுதாகக் கரைத்த பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும் என்பது பட்டறைகளில் கண்டிப்பான விதி.

இன்றைய சிறு வார்ப்பாளர்கள் பெரிதும் நம்பியிருப்பது மூன்றாவதான பாலியூரித்தேனை. ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயரும் அவருடைய குழுவும் 1937இல் அதை உருவாக்கியபோது, டூபாண்டின் நைலானுக்குப் போட்டியாக ஓர் இழையைத்தான் எதிர்பார்த்தார்கள். ஐசோசயனேட் ஒருபுறம், பாலியால் மறுபுறம். இரண்டும் சேர்ந்தால் வேறெந்தப் பொருளும் வெளியேறாமல் நேரடியாக இணைந்துவிடும். பேக்லண்டைத் தொல்லைப்படுத்திய ஆவி இங்கே கிடையாது. ஆனால் கலவையில் சிறிது ஈரம் இருந்தாலும் ஐசோசயனேட் அதோடு வினைபுரிந்து கரியமில வாயுவை வெளிவிடும், பொருள் நுரைத்துவிடும். தொடக்கத்தில் குறையாகத் தெரிந்த அந்த நுரையே பின்னர் மெத்தைக்கும் வாகன இருக்கைக்கும் பெருந்தொழிலானது. வார்ப்பவருக்கு மட்டும் அது இன்றும் எதிரி. மழைக்காலத்தில் மூடியைத் திறந்துவைத்த குப்பி கெட்டுப்போவதும், அச்செடுப்பதற்காக ஈர மரத்தில் செய்த மூலவடிவின் மேல் வார்ப்பு பொங்குவதும் இதனால்தான்.

ரெசின் மட்டும் இருந்து பயனில்லை. அச்சு கடினமான சுதையாக இருந்தால், உள்வளைவுள்ள வடிவத்தைப் பல துண்டுகளாகப் பிரித்து அச்செடுக்க வேண்டும். வஜ்ஜிர அச்சு வளையும், ஆனால் ரெசின் இறுகும்போது எழும் சூட்டில் இளகும். இந்தச் சிக்கலைத் தீர்த்தது சிலிகான் ரப்பர். ஜெனரல் எலெக்ட்ரிக்கின் யூஜீன் ரோக்கோ 1940இல் சிலிகானுக்கான மூலப்பொருளை நேரடியாகத் தயாரிக்கும் வழியைக் கண்டார். 1943இல் சிலிகான் தயாரிப்பதற்கென்றே டவ் கார்னிங் நிறுவனம் பிறந்தது. போர்க்கால விமானங்களின் மின்காப்புக்காக வளர்ந்த பொருள் சிலிகான். அறை வெப்பத்தில் இறுகும் சிலிகான் 1950களில் வந்தபோது, கைரேகையைக்கூடப் பதியும், எண்ணெய் தடவாமலே பிரியும், சூட்டைத் தாங்கும் அச்சு முதன்முறையாகக் கிடைத்தது. இரு கூறு வார்ப்பின் உண்மையான பிறப்பு, ரெசின் உருவான நாளைவிடச் சிலிகானும் ரெசினும் சந்தித்த நாளில்தான் என்று சொல்வது பொருந்தும். அந்த அச்சின் ஆயுள் சில பத்துப் பிரதிகளே. அந்தக் குறைந்த எண்ணிக்கைக்கு ஏற்ற தொழில் ஒன்று தோன்ற வேண்டியிருந்தது.

அது ஜப்பானில் தோன்றியது. பெரிய நிறுவனங்கள் எஃகு அச்சில் லட்சக்கணக்கில் பிளாஸ்டிக் மாதிரிகளை விற்றன. எஃகு அச்சின் செலவை எடுக்க முடியாத திரைப்பட அசுரர்களையும் கதைமாந்தர்களையும் யாரும் தொடவில்லை. 1980களின் தொடக்கத்தில் ரசிகர்கள் அவற்றைத் தாங்களே செதுக்கி, சிலிகானில் அச்செடுத்து, பாலியூரித்தேனில் சிறு எண்ணிக்கையில் வார்த்தார்கள். இவை கராஜ் கிட் எனப்பட்டன. மோரிகுச்சி நகரில் 1964இல் ஒரு மாதிரிப்பொம்மைக் கடையாகத் தொடங்கிய கையோதோ இந்த அலையில் பெரிய பெயரானது. ஒசாகாவின் ஜெனரல் புராடக்ட்ஸ் நிறுவனம் தொடங்கிய வொண்டர் ஃபெஸ்டிவல் சந்தை 1992இல் கையோதோவின் கைக்கு வந்தது. அங்கே உருவான ஒருநாள் உரிமம் என்ற ஏற்பாடு குறிப்பிடத்தக்கது: பதிப்புரிமையாளர் அந்த ஒரு நாளுக்கு, அந்த ஒரு சந்தைக்கு மட்டும் விற்க அனுமதி தருவார். ஐம்பது பிரதி மட்டுமே தரும் அச்சும் ஒருநாள் உரிமமும் ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்தின.

வெளியிலிருந்து தரும் சூடு தேவையில்லை என்றாலும், ரெசின் தானே சூட்டை உண்டாக்குகிறது. மெல்லிய வார்ப்பில் அது காற்றோடு கலைந்துவிடும். பருமனான வார்ப்பில் நடுவே தேங்கிப் பொருளை விரிசல்விட வைக்கும். லாஸ் ஏஞ்சலஸ் சிற்பி டி வெய்ன் வாலன்டைன் 1960களில் இந்தச் சுவரில் மோதினார். ஆளுயரத்தைத் தாண்டிய கண்ணாடி போன்ற வடிவங்களை ஒரே ஊற்றில் வார்க்க விரும்பிய அவர், ரெசின் நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து மெதுவாக இறுகும் தனிவகைப் பாலியெஸ்டரை உருவாக்கினார். 1975–76இல் அவர் வார்த்த ‘கிரே காலம்’ 12 அடி உயரமும் சுமார் 3,500 பவுண்டு எடையும் கொண்டது. ஊற்றிய பின் மாதக்கணக்கில் தேய்த்துப் பளபளப்பாக்கும் உழைப்பும் அதில் இருந்தது.

விலக்கிய அழுத்தமும் வேறு வடிவில் திரும்பியது. கலக்கும்போது சேரும் காற்றுக்குமிழிகளைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நசுக்க, நுணுக்கமான வேலை செய்பவர்கள் ஊற்றிய அச்சை அழுத்தக் கலத்தில் வைத்து, வளிமண்டல அழுத்தத்தின் நாலைந்து மடங்கு காற்றை ஏற்றுகிறார்கள். அப்போது சிலிகான் அச்சும் அதே அழுத்தத்தில் செய்யப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அச்சுக்குள் ஒளிந்திருக்கும் குமிழிகள் அமுங்கி, வார்ப்பின் மேல் பரு பருவாக எழும்பும்.

இந்தத் தொழிலின் ஆபத்துகள் தாமதமாகவே கவனத்துக்கு வந்தன. ஐசோசயனேட் ஆவியைத் தொடர்ந்து சுவாசித்தவர்களுக்கு ஆஸ்துமா வந்தது. ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால் மிகக் குறைந்த அளவும் பாதிக்கும். பாலியூரித்தேனை விரைவில் இறுக்கப் பாதரசச் சேர்மங்கள் நெடுங்காலம் பயன்பட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் ஃபினைல்பாதரச வகைகளைத் தடைசெய்தது. 2023 ஆகஸ்ட் முதல் ஐசோசயனேட்டைக் கையாளும் தொழிலாளர்களுக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. வீட்டு அறையில் முகமூடியில்லாமல் வார்க்கும் பொழுதுபோக்காளரை அந்தச் சட்டம் எட்டுவதில்லை.

அண்மை மாற்றம் மூலவடிவில் நிகழ்ந்தது. சார்ல்ஸ் ஹல் 1986இல் காப்புரிமை பெற்ற, ஒளியால் ரெசினை அடுக்கடுக்காக இறுக்கும் முப்பரிமாண அச்சுமுறை மலிவானதும், செதுக்கும் கத்தியின் இடத்தைக் கணினி பிடித்தது. ஆனால் அப்படி அச்சிட்ட வடிவின் மேல் பிளாட்டினத்தை வினையூக்கியாகக் கொண்ட சிலிகானை ஊற்றினால், முழுதாக இறுகாத ஒளி ரெசின் அதன் வினையைத் தடுத்து, தொடும் பரப்பைப் பிசுபிசுப்பாகவே நிறுத்திவிடும். ஆகவே மூலவடிவை நன்கு கழுவி, மீண்டும் ஒளியில் காட்டி, மேல்பூச்சு கொடுத்த பிறகே அச்செடுக்கிறார்கள். சிலர் இந்தத் தடைக்கு ஆளாகாத தகர வகைச் சிலிகானை நாடுகிறார்கள். ஒன்றிரண்டு பிரதி தேவையென்றால் அச்சியந்திரமே போதும். ஐம்பது தேவையென்றால் இன்றும் சிலிகான் அச்சும் இரண்டு குப்பி ரெசினுமே மலிவு.