ரூகர் 10/22 ரைபிளும் அதன் துணைப்பாகங்களும்

ரூகர் 10/22 என்பது அமெரிக்காவில் 1964-ஆம் ஆண்டு அறிமுகமான அரைத் தானியங்கி ரைபிள் ஆகும். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா மட்டுமே வெடிக்கும். அடுத்த தோட்டா தானாகவே குழலுக்குள் ஏறி நிற்கும். இதுவே அரைத் தானியங்கி என்பதன் பொருள். பெயரிலுள்ள 10 தோட்டாக்களின் எண்ணிக்கையையும், 22 என்பது .22 அங்குலக் குழல் அளவையும் குறிக்கின்றன. இந்த ஒரு துப்பாக்கிக்கான மாற்றுப் பாகங்களைச் செய்து விற்பதே பிற்காலத்தில் ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது.

தோற்றம்

வில்லியம் ரூகரும் அலெக்சாண்டர் ஸ்டர்மும் 1949-இல் கனெக்டிகட் மாநிலத்தின் சவுத்போர்ட் நகரில் ஸ்டர்ம் ரூகர் நிறுவனத்தைத் தொடங்கினர். அவர்களின் முதல் தயாரிப்பு ஒரு .22 கைத்துப்பாக்கி. 15 ஆண்டுகள் கழித்து 10/22 வெளிவந்தது. இது பயன்படுத்தும் .22 லாங் ரைபிள் தோட்டா 1887 முதல் வழக்கில் உள்ளது. விலை குறைவு, பின்னுதைப்பும் குறைவு என்பதால் அமெரிக்கக் குடும்பங்களில் சிறுவர்கள் சுடப் பழகுவதும், முயல், அணில் வேட்டையும் பெரும்பாலும் இத்தோட்டாவைக் கொண்டே நடந்தன.

அமைப்பு

.22 தோட்டாவின் அடியில் துருத்திய விளிம்பு ஒன்று உண்டு. அடுக்கி வைக்கும்போது ஒன்றின் விளிம்பு மற்றொன்றில் சிக்கிக்கொள்ளலாம். இதைத் தவிர்க்க, தோட்டாக்களை வைக்கும் மேகசினுக்குள் ஒரு சுழல் சக்கரம் அமைக்கப்பட்டது. அதில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனிப் பள்ளம் உண்டு. ரூகர் புதிதாகக் கண்டுபிடித்த முறையன்று இது. சாவேஜ் 99 போன்ற பழைய ரைபிள்களிலும் சுழல் மேகசின் இருந்தது.

மற்றொரு சிறப்பு, குழலை உடற்பகுதியோடு இரண்டு திருகாணிகளால் பிணைத்திருப்பது. பல துப்பாக்கிகளில் குழலை மாற்றத் தேர்ந்த கம்மியர் தேவை. இதில் உரிமையாளரே வீட்டில் மாற்றலாம். விசைத் தொகுதியும் இரண்டு ஊசிகளை நீக்கினால் முழுதாகக் கழன்றுவிடும்.

துணைப்பாகங்களைத் தேர்ந்தெடுத்தல்

இந்த எளிமையே மாற்றுப் பாகங்களுக்கு வழி திறந்தது. இலக்குச் சுடுவோர் முதலில் நாடுவது குறிதொலைநோக்கி. இலக்கு தெளிவாகத் தெரியாவிட்டால் மற்ற மாற்றங்களால் பயன் குறைவு. அடுத்தது விசை. இழுக்க மிகுந்த அழுத்தம் தேவைப்பட்டால் சுடும் நொடியில் துப்பாக்கி அசையும். இலேசான விசை அந்த அசைவைக் குறைக்கும். அளவுக்கு மீறி இலேசானால் எதிர்பாராமல் வெடிக்கும் ஆபத்து உண்டு. மூன்றாவது, 0.920 அங்குல விட்டமுள்ள கனத்த குழல். அதிர்வு குறைவதால் போட்டிகளுக்கு ஏற்றது. தூக்கிக்கொண்டு காட்டில் நடப்பவருக்கோ சுமை. ஆகவே எது சிறந்த பாகம் என்பதைப் பயன்பாடே தீர்மானிக்கிறது.

மேகசினும் சட்டமும்

மேகசினை மாற்ற எந்தக் கருவியும் தேவையில்லை. ஆனால் சட்டத்தின் பார்வை அதிகம் விழுந்தது அதன் மீதே. பிற நிறுவனங்கள் 25 தோட்டா கொள்ளும் மேகசின்களை விற்றுவந்தன. வில்லியம் ரூகரோ, 1989-இல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுதிய கடிதத்தில், 15 தோட்டாக்களுக்கு மேற்பட்ட மேகசின்களைத் தடை செய்யலாம் என்று யோசனை கூறினார். துப்பாக்கி உரிமையாளர்கள் பலர் இதனால் அவர்மீது சினம் கொண்டனர். 1994-இல் வந்த கூட்டரசுச் சட்டம் 10-க்கு மேற்பட்ட தோட்டா கொள்ளும் புதிய மேகசின்களைப் பொதுமக்களுக்குத் தடை செய்தது. அது 2004-இல் காலாவதியானது. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் தமக்கெனத் தனி வரம்பு வைத்துள்ளன.

ரூகர் 2002-இல் மறைந்தார். பின்னர் அவர் தொடங்கிய நிறுவனமே 25 தோட்டா மேகசினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. குழலையும் விசையையும் மாற்றும்போது எழும் கேள்வி, குறி தவறாமல் சுடுவது எப்படி என்பது. மேகசினை மாற்றும்போது எழுவது, ஒருவர் கையில் எத்தனை தோட்டாக்கள் இருக்கலாம் என்பது. முன்னதற்கு விடை சொல்பவர் உரிமையாளர். பின்னதற்கு விடையை அமெரிக்கச் சமூகம் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறது.